நான்கு பேனல், மூன்று வழி: மலை வீட்டு சோலாருக்குத் தொடர் இணைப்பா, பக்க இணைப்பா?

மழைக்காலத்தில் நீலகிரியில் கரண்ட் போனால் எப்போது திரும்பும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கம்பி மேல் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் போதும், அதை அறுத்து அகற்றிக் கம்பியை இழுத்துக் கட்டும்வரை ஊரே இருட்டில் கிடக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி வாரங்களுக்காக கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர்ப் பக்கம் வீட்டோடு சின்னதாக ஒரு சோலார் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை.

மின்வாரிய இணைப்போடு சேர்த்து, பேட்டரி இல்லாமல் கூரையில் போடும் சோலார் வேறு கதை. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் கிடைக்கிறதே, அது பெரும்பாலும் அந்த வகைதான். அதில் பேனல்களை எப்படிக் கோப்பது என்பதை ஏறக்குறைய இன்வெர்ட்டரே முடிவு செய்துவிடும். ஆனால் வெளியே கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஆளுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மானியத்தை மட்டும் பார்த்துவிட்டு இனி இருட்டே இல்லை என்று இருந்துவிட வேண்டாம்.

நான் எடுத்துக்கொள்வது பேட்டரி உள்ள சாதாரண செட். 100 வாட் பேனல் நான்கு, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் வகை ஈய-அமில பேட்டரி இரண்டு, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, இன்வெர்ட்டர் ஒன்று. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏறக்குறைய இப்படி எழுதியிருக்கும்: வேலை செய்யும்போது 18 வோல்ட், 5.5 ஆம்பியர். எதிலும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் 22 வோல்ட். இனி வரும் கணக்கு எல்லாமே இந்த மூன்று எண்களிலிருந்துதான்.

பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்திருந்தால் சுருக்கமாக: ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் மாட்டிக்கொண்டே போனால் தொடர் இணைப்பு. வோல்ட் கூடும், ஆம்பியர் அப்படியே இருக்கும். எல்லாப் பிளஸ்ஸையும் ஓரிடத்தில், எல்லா மைனஸையும் ஓரிடத்தில் சேர்த்தால் பக்க இணைப்பு. ஆம்பியர் கூடும், வோல்ட் அப்படியே இருக்கும். வீட்டு விளக்கும் மின்விசிறியும் பக்க இணைப்பில் இருப்பதால்தான் ஒன்றை அணைத்தால் மற்றது அணைவதில்லை, எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட் போகிறது. 60 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடரில் போட்டுப் பாருங்கள், 60 வாட் பல்புதான் அதிகமாக எரியும். மின்தடை அதில்தான் கூடுதல், ஓடும் கரண்ட் இரண்டுக்கும் ஒன்றே. தொடர் இணைப்பின் குணம் முழுக்க அதில் இருக்கிறது.

நான்கு பேனலுக்கு மூன்று வழி உண்டு. நான்கையும் பக்கமாக இணைத்தால் 18 வோல்ட், 22 ஆம்பியர். நான்கையும் தொடராகக் கோத்தால் 72 வோல்ட், 5.5 ஆம்பியர். இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து அந்த இரண்டு ஜோடிகளைப் பக்கமாகச் சேர்த்தால் 36 வோல்ட், 11 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் மூன்றும் 396 வாட்தான். அப்புறம் எதற்கு யோசனை என்று கேட்கலாம். வெயில், நிழல், கம்பியின் நீளம், குளிர் ஆகிய நான்கும் மூன்று வழிகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

பனிமூட்டம் வேறு, மர நிழல் வேறு

"இங்க மேகமூட்டம் ஜாஸ்தி, அதனால எல்லாத்தையும் பேரலல்ல போட்டுடலாங்ணா" என்று எலக்ட்ரீஷியன் தம்பிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பேரலல் என்று அவர்கள் சொல்வது பக்க இணைப்பைத்தான். இதில் பாதிதான் சரி. மேகமோ பனிமூட்டமோ வந்தால் நான்கு பேனலிலும் வெளிச்சம் ஒரே அளவு குறைகிறது. கரண்ட் வெளிச்சத்தோடு சேர்ந்து இறங்கும், வோல்ட் கொஞ்சம்தான் இறங்கும். வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டால் எந்த இணைப்பாக இருந்தாலும் ஏறக்குறைய 80 வாட்தான் வரும். சொல்லப்போனால் மூட்டமான காலையில் தொடர் இணைப்புக்குச் சின்ன ஆதாயம்கூட உண்டு. பேட்டரியைவிடப் பேனலின் வோல்ட் சற்று மேலே போனால்தான் கன்ட்ரோலர் வேலையைத் தொடங்கும். 72 வோல்ட் வரிசைக்கு அந்த வரம்பைத் தாண்டுவது எளிது, 18 வோல்ட் வரிசைக்கு இடைவெளி குறைவு.

நிழல் அப்படியில்லை. அது ஒரு பேனலில் விழும், பக்கத்துப் பேனலில் விழாது. அங்கேதான் தொடர் இணைப்பு மாட்டிக்கொள்கிறது. மேட்டுப்பாளையம் சாலையில் முன்னால் ஒரு லாரி முதல் கியரில் ஏறினால் பின்னால் வரும் அத்தனை வண்டிக்கும் அதே வேகம்தான் என்பது போல, நிழலில் நிற்கும் பேனல் எவ்வளவு கரண்ட் விடுகிறதோ அவ்வளவுதான் வரிசை முழுவதும் ஓடும். ஒரு பேனலுக்குள்ளேயே அரை வோல்ட் செல்கள் 36 தொடரில்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு கிளையின் நிழல் சில செல்கள் மேல் விழுந்தாலே அந்தப் பேனல் படுத்துவிடும்.

இதற்கு மாற்றாகப் பேனலின் பின்பக்கப் பெட்டிக்குள் பைபாஸ் டையோடு என்ற மாற்றுவழி உறுப்பை வைத்திருக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு கரண்ட் போய்விடும், அந்தப் பகுதியின் வோல்ட் மட்டும் கணக்கிலிருந்து கழியும். 36 செல் பேனலில் பொதுவாக இரண்டு டையோடு இருக்கும். மலிவுப் பேனல் வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள். டையோடு இல்லாத பேனலைத் தொடரில் போட்டால் நிழல் பட்ட செல் சூடேறிக் கருகக்கூடும்.

இப்போது கணக்கு. ஒரு பேனல் மர நிழலில், அதில் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு, மற்ற மூன்றும் நல்ல வெயிலில் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பக்கமாக இருந்தால் 320 வாட் கிடைக்கும். எல்லாம் தொடராக இருந்து டையோடு ஒழுங்காக வேலை செய்தால் 300 வாட்டை ஒட்டி வரும். இரண்டிரண்டாக இருந்தால்? இரண்டுக்கும் நடுவில் 310 இருக்கும் என்றுதானே தோன்றும்? 240 வாட்தான் வரும். நிழல் பட்ட ஜோடி 18 வோல்ட்டுக்கு இறங்கப் பார்க்கிறது, பக்கத்து ஜோடி 36-லேயே நிற்கிறது. பக்கமாகச் சேர்த்துவிட்டதால் இரண்டுக்கும் ஒரே வோல்ட்தான் இருக்க முடியும். ஆகவே நல்ல ஜோடியின் 200 வாட்டோடு, நிழல் ஜோடி சொட்டும் 40 வாட்தான் சேர்கிறது. நடுவழி எப்போதும் பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இரண்டு பேனல் ஒரே சமயத்தில் நிழலில் போனால் படம் மாறும். இரண்டும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவை என்றால் 240 வாட், பக்க இணைப்பு தருவதும் அதே அளவுதான். ஜோடிக்கு ஒன்றாக நிழல் விழுந்தால் நல்ல கன்ட்ரோலர் 200 வாட்டைப் பிடித்துவிடும், சுமாரான கன்ட்ரோலர் 80 வாட்டிலேயே நின்றுவிடலாம். எனவே இரண்டிரண்டாகப் போடுவதானால் காலையில் நிழல் விழும் இரண்டையும் ஒரு ஜோடியாகவும், சாயங்காலம் நிழல் விழும் இரண்டையும் இன்னொரு ஜோடியாகவும் கோக்க வேண்டும். கம்பி கிட்ட வருகிறது என்பதற்காகக் கைக்கு வந்தபடி ஜோடி சேர்க்கக் கூடாது.

நிழல் எங்கே விழும் என்பதை ஜூன் மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11.4 டிகிரியில் இருக்கிறது. ஜூனில் நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், டிசம்பரிலோ தெற்கே 35 டிகிரி சரிந்துவிடும். வீட்டுக்குத் தெற்கே 15 மீட்டர் உயரத்தில் ஒரு சில்வர் ஓக் இருந்தால் டிசம்பர் நடுப்பகலில் அதன் நிழல் பத்து மீட்டர் நீளும். காலை எட்டு மணிக்கு நாற்பது மீட்டருக்கு மேல். மலை மறைப்பது இதற்கு மேல் தனி. டிசம்பர், ஜனவரியில் ஒரு காலை, ஒரு நடுப்பகல், ஒரு சாயங்காலம் கூரையில் ஏறிப் பார்த்துக் கரித்துண்டால் கோடு போட்டுக்கொள்வது நல்லது.

மரத்தை வெட்டிவிடலாமே என்றால் அது இங்கே அவ்வளவு சுலபம் இல்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். பேனலை நகர்த்துவதுதான் நம் கையில் இருப்பது. அங்கேதான் கம்பியின் நீளம் பேச்சுக்கு வருகிறது.

முப்பது மீட்டர் தள்ளி வைத்தால்

வீட்டுக் கூரையில் நிழல், தேயிலைக்கு மேலே இருக்கும் மேட்டில் நாள் முழுக்க வெயில். மேட்டுக்கும் வீட்டுக்கும் 30 மீட்டர். சோலாருக்கு வழக்கமாகப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக 30, வர 30 என்று 60 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.28 ஓம். கம்பியில் வீணாகும் வாட், கரண்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது.

எல்லாம் பக்கமாக, 22 ஆம்பியர்: 135 வாட் கம்பியிலேயே போய்விடும். 18 வோல்ட்டில் 6 வோல்ட் வழியிலேயே தொலைந்து 12 வோல்ட்தான் வீட்டுக்கு வரும், அதை வைத்து 12 வோல்ட் பேட்டரியை ஏற்றவே முடியாது. இரண்டிரண்டாக, 11 ஆம்பியர்: 34 வாட் வீண். எல்லாம் தொடராக, 5.5 ஆம்பியர்: 8 வாட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கரண்ட் நாலில் ஒன்றானால் இழப்பு பதினாறில் ஒன்றாகிறது. பக்க இணைப்பிலேயே இழப்பை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டுமென்றால் 64 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். அந்தச் செம்பின் விலைக்கு இன்னும் பேனலே வாங்கலாம்.

1930-களில் பைக்காராவில் தயாரித்த மின்சாரத்தைக் கோவைப் பஞ்சாலைகளுக்கு இறக்கியபோது உயர் மின்னழுத்தத்தில் அனுப்பியதற்கும் காரணம் இதே வர்க்கக் கணக்குதான்.

நான் சொல்ல வருவது இது. பக்க இணைப்பு நிழலைப் பொறுத்துக்கொள்கிறது. தொடர் இணைப்பு நிழலைவிட்டு விலகிப் போக வழி விடுகிறது. மலையில் கூரையைத் தவிர வேறு இடமே இல்லாத வீடுகள் உண்டு, அவர்களுக்கு முதலாவது சரி. கொஞ்சம் தோட்டமோ மேடோ இருப்பவர்கள், நிழல் விழும் கூரையில் பக்கமாகப் போட்டு 320 வாட்டுக்கு ஆசைப்படுவதைவிட, வெயில் இருக்கும் இடத்துக்குப் போய்த் தொடராகப் போட்டு 390-ஐ நெருங்குவது மேல்.

தொடரின் விலை

இலவசம் இல்லை. முதலில் கன்ட்ரோலர். பிடபிள்யூஎம் வகை என்றால் அது பேனலை நேராகப் பேட்டரியோடு கோத்துவிடும், பேனலின் வோல்ட் பேட்டரி அளவுக்கு இறங்கிவிடும். 13 வோல்ட்டில் நிற்கும் பேட்டரியோடு நான்கு பேனலைப் பக்கமாகப் போட்டால் 286 வாட்டாவது வரும். தொடராகப் போட்டால் 5.5 ஆம்பியரை 13-ஆல் பெருக்க 72 வாட்தான், கன்ட்ரோலரும் பெரும்பாலும் புகைந்துவிடும். தொடர் என்றால், பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி இறக்கி அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலர்தான், வேறு பேச்சில்லை. கடையில் பெட்டி மேல் எம்பிபிடி என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்பதும் நடக்கிறது. கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்க வேண்டும், உள்ளே பெரிய சுருள் இருக்கும்.

அடுத்தது குளிர். இதைச் சமவெளிக் கடைக்காரர்கள் யோசிப்பதே இல்லை. பேனல் குளிரக் குளிர வோல்ட் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். சீட்டில் எழுதியிருப்பது 25 டிகிரிக்கு. உறைபனி விழும் ஜனவரிக் காலையில் தலைகுந்தா, காந்தல் மாதிரி இடங்களில் பேனல் 0 டிகிரியில் இருக்கும்போது முதல் வெயில் அடித்தால், 22 என்று எழுதிய பேனல் 23.6 காட்டும். நான்கும் தொடரில் 88 இல்லை, 94-க்கு மேல். 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலருக்கு இது விளிம்பு. சீட்டில் அந்த 22-க்குப் பதில் 24 வோல்ட் என்று போட்ட பேனலாக இருந்தால் 103 ஆகிவிடும், கன்ட்ரோலர் காலி. நான்கையும் தொடரில் போடுபவர்கள் 150 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டிரண்டாகப் போட்டால் 52 வோல்ட்டைத் தாண்டாது, இந்தக் கவலை கிடையாது.

மூன்றாவது, 90 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) விளையாட்டுச் சாமான் அல்ல. வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானாக அணையும். டிசி அப்படித் தொடுவதில்லை, பொறி நின்று எரியும். கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சை, டிசி எம்சிபி என்று கேட்டு வாங்க வேண்டும். வெயில் இருக்கும்போது இணைப்பைக் கையால் பிடுங்கக் கூடாது.

பக்க இணைப்பில் இந்தச் செலவு இல்லை, வேறு செலவு உண்டு. ஒரு பேனல் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் அதற்குள் 17, 18 ஆம்பியரைத் தள்ளும், அந்தப் பேனல் தாங்குவதோ பொதுவாக 10 அல்லது 15. ஆகவே பேனலுக்கு ஒரு ஃப்யூஸ் கட்டாயம். இரண்டு ஜோடி மட்டும் என்றால் தேவைப்படாது.

பேட்டரிகளுக்குக் கணக்கு வேறு

இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டால் 24 வோல்ட் 150 ஏஎச், பக்கமாகப் போட்டால் 12 வோல்ட் 300 ஏஎச். சேமிப்பு இரண்டிலும் 3,600 வாட்-மணிதான். நான் 24 வோல்ட் பக்கம். 1000 வாட் மிக்ஸி ஓடும்போது 12 வோல்ட்டில் 83 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 24-இல் அதில் பாதி. பேட்டரி முனையில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தால் 83 ஆம்பியரில் அது உருகும் அளவுக்குச் சூடாகும். கன்ட்ரோலரும் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியர் வேண்டும், 24-க்கு 20 போதும். ஒன்று மறக்கக் கூடாது: 24 வோல்ட் பேட்டரி என்றால் பேனல்களை எல்லாம் பக்கமாகப் போடும் வழி தானாக அடைபட்டுவிடும், 18 வோல்ட்டால் 24-ஐ ஏற்ற முடியாது. கூரையில் பக்க இணைப்புதான் என்று முடிவானவர்கள் 12 வோல்ட்டிலேயே இருக்க வேண்டும்.

எதுவானாலும் இரண்டு பேட்டரியும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும். தொடரில் பழசும் புதுசும் சேர்ந்தால், கன்ட்ரோலர் மொத்தம் 28.8 வோல்ட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடும். உள்ளே ஒன்று 15-இல் கொதித்துக்கொண்டும் மற்றது 13.8-இல் அரைப்பட்டினியாகவும் இருப்பது அதற்குத் தெரியாது. பக்கமாகப் போட்டால் நல்லது தன் சார்ஜை நோஞ்சானுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். பக்கமாகப் போடுபவர்கள் இன்வெர்ட்டரின் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலும் மைனஸை இரண்டாவதிலும் எடுத்தால் இரண்டும் சமமாக உழைக்கும்.

குளிரில் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு குறையும், முழுதாக ஏற வோல்ட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கன்ட்ரோலரில் வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அதன் சென்சாரைப் பேட்டரி மேலேயே ஒட்டுங்கள். பேட்டரியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைக்காமல் காற்றோட்டமுள்ள அறைக்குள் வைப்பது நல்லது.

பிறகு இன்னொன்று வாங்கினால்

100 வாட் பேனல் இப்போது வருவது குறைந்துகொண்டே போகிறது, இரண்டு வருடம் கழித்து அதே பேனல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 18 வோல்ட்டிலேயே 150 வாட் கிடைத்தால், பக்க இணைப்பில் அது முழு 150-ஐயும் தரும். தொடரில் கோத்தால் பழைய பேனல்களின் 5.5 ஆம்பியருக்குக் கட்டுப்பட்டு அதுவும் 100 வாட் பேனலாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்துப் பேனல் வாங்குகிறவர்களுக்குப் பக்க இணைப்பில் உள்ள உண்மையான வசதி இதுதான். 41 வோல்ட், 13 ஆம்பியர் ஓடும் 540 வாட் பெரிய பேனல் மலிவாகக் கிடைத்தால் இரண்டு விதத்திலும் பழையதோடு ஒத்துவராது. அதற்குத் தனியாக ஒரு எம்பிபிடி கன்ட்ரோலர் வாங்கி, இரண்டு கன்ட்ரோலரின் வெளிக்கம்பிகளையும் அதே பேட்டரியில் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். பேட்டரி எத்தனை ஆம்பியர் சார்ஜ் வாங்கும் என்பதை மட்டும் அதன் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், 150 ஏஎச் டியூபுலருக்கு 15-லிருந்து 20 ஆம்பியர் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போகிறது என்றால் கன்ட்ரோலரில் வரம்பு வைத்துவிடுங்கள்.